துருசுத் திறப்பு ஆர் கையில?

“கூகுள் சும்மா தாறான். வட்ஸ்அப் சும்மா தாறான். பிறகேன் இந்தச் சத்தம்?” பெரிய மென்பொருள் கொம்பனிகளின் ஏகபோகத்தைப் பற்றிக் கதை தொடங்கினால் எங்கட வயசுப் பெடியளிட்ட இருந்து முதல் வாற பதில் இதுதான். கொஞ்சம் கூடப் படிச்ச ஆக்கள் இதையே வேற மாதிரிச் சொல்லுவினம்: “திறமையால மேல வந்தவனை வழக்குப் போட்டு இழுத்து விழுத்தினால், இனி ஆர் புதுசா ஒண்டைச் செய்வான்?” இன்னொரு பக்கம் எங்கட முற்போக்குத் தோழர்கள். அவைக்கு இந்த வழக்குகளே ஒரு பகிடி: “ரெண்டு முதலாளியள் அடிபடுறாங்கள். அதுக்குள்ள நாங்கள் ஏன் தலையைக் குடுப்பான்?”

மூன்றும் பிழை. கண்டுபிடிப்பைக் காப்பாற்ற வேணுமெண்டால் ஏகபோகத்தைத் தொடக்கூடாது என்கிற வாதம், புதுசு எங்கிருந்து வருகுது என்பதையே தலைகீழாகப் பிடிச்சிருக்கு. அதைவிட மோசமான விஷயம், அந்தப் பிழைக்கான விலையைச் சிலிக்கன் வலியில் இருக்கிறவை கட்டுறதில்லை. லப்டொப் இல்லாமல், வீட்டில் வைஃபை இல்லாமல், ஒரு போனும் ஒரு டேட்டா கார்டும் மட்டும் வைச்சு இணையத்துக்குள் வாற கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம்தான் கட்டுது.

இரணைமடுவை எடுங்கோ. அந்தக் குளத்தை நம்பி இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் கிடக்கு. காலபோகத்தில் மழையும் சேர்ந்து வாறதால் பெரிய இழுபறி இல்லை. சிறுபோகத்தில்தான் தண்ணி கணக்கு. எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்ப தண்ணி என்று அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் கூடி, நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்கார அமைப்புகளும் குந்தியிருந்து சண்டை பிடிச்சுத்தான் முடிவெடுப்பினம். அந்தக் கூட்டங்களுக்குள்ள நடக்கிற ஓரவஞ்சனையள் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் ஒருத்தருக்கும் மாற்றுக் கருத்துக் கிடையாது. துருசின்ர திறப்பை வைச்சிருக்கிறவர் தன்ர வயலுக்கு முதல் தண்ணி விடக்கூடாது. “குளத்தைக் கட்டினதே நான்தான்” என்று சொன்னாலும் விடக்கூடாது. “நான் தண்ணிக்குக் காசு வாங்கேல்லையே” என்று சொன்னாலும் விடக்கூடாது. வாய்க்காலின்ர கடைசியில இருக்கிறவன் கெட்டிக்காரக் கமக்காரனாய் இருந்தென்ன, தண்ணி போகாட்டி அவன்ர கெட்டித்தனத்தை ஆர் காணப்போறது?

மென்பொருள் உலகத்து ஏகபோக வழக்குகள் அநேகமாக எல்லாமே இதைப் பற்றினதுதான். பெரிசாய் இருக்கிறது குற்றம் இல்லை. அமெரிக்கச் சட்டமும் அப்படிச் சொல்லேல்லை, இந்தியச் சட்டமும் சொல்லேல்லை. துருசையும் வைச்சுக்கொண்டு அதே குளத்துக்குக் கீழ வயலையும் செய்து, மற்றவன்ர வாய்க்காலை அடைக்கிறதுதான் குற்றம்.

“வழக்குப் போட்டால் கண்டுபிடிப்புச் செத்துப்போகும்” என்கிறவைக்கு மைக்ரோசொஃப்ட் கதையை ஒருக்கா ஞாபகப்படுத்த வேணும். 1998 மே மாதம் அமெரிக்க நீதித் திணைக்களமும் பல மாநிலங்களும் சேர்ந்து அந்தக் கொம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டன. அப்ப நெட்ஸ்கேப் என்கிற உலாவி முன்னுக்கு நிண்டது. மைக்ரோசொஃப்ட் தன்ர இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோசோடு சேர்த்துக் கட்டியது. கொம்பியூட்டர் செய்து விக்கிற கொம்பனிகளையும் ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டது. எக்ஸ்புளோரர் சும்மா. ஓம், அதுவும் சும்மாதான். 2000இல் நீதிபதி ஜக்சன் மைக்ரோசொஃப்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்று பிரிப்பதை இரத்துச் செய்தது. ஆனால், தன்ர ஏகபோகத்தைச் சட்டத்துக்கு மாறாகக் காப்பாற்றிக்கொண்டது என்கிற முடிவை அப்படியே விட்டுவைச்சது.

நெட்ஸ்கேப் அதுக்கிடையில் விழுந்துபோச்சு. வெண்டவர் என்ன செய்தார்? எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பு 2001 ஓகஸ்டில் வந்தது. ஏழாம் பதிப்பு 2006 ஒக்டோபரில். உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் கொம்பனி, காசுக்குப் பஞ்சமில்லாத கொம்பனி, உலகத்தில் அநேகமானவர் பாவிச்ச உலாவியை ஐந்து வருடம் அப்படியே போட்டுவிட்டு நித்திரை கொண்டது. தமிழ் வலைப்பதிவுகள் முளைச்சு வந்த வருடங்களும் அவைதான். யுனிகோட் தமிழைத் திறந்தால் பெட்டி பெட்டியாய்த் தெரிஞ்ச கதையை மூத்த பதிவர்களிட்டக் கேட்டுப் பாருங்கோ. நெட்ஸ்கேப்பின் நிரல் சாம்பலில் இருந்து 2004 நவம்பரில் ஃபயர்ஃபொக்ஸ் எழும்பி வந்து ஆக்களை இழுக்கத் தொடங்கின பிறகுதான் மற்றவரும் கண் முழிச்சார். போட்டி இல்லாத இடத்தில் கண்டுபிடிப்பு பெருகும் என்று சொல்கிறவை இந்த ஐந்து வருடத்துக்கு ஒரு விளக்கம் தரட்டும்.

கூகுள் தொடங்கினதும் அதே 1998இல்தான். விண்டோசைத் திறந்தவுடன் மைக்ரோசொஃப்டின்ர தேடல் மட்டும்தான் வரும் என்று பூட்டியிருந்தால் கூகுள் என்று ஒரு கொம்பனியை இண்டைக்கு எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ? நீதிமன்று தலைக்கு மேல நிண்டதால் மைக்ரோசொஃப்டின்ர கை கொஞ்சம் கூசினது, அந்த இடைவெளிக்குள்ளால கூகுள் வளர்ந்தது என்பதுதான் என்ர கணிப்பு. தான் வந்த வாசலைப் பின்னால வாறவனுக்குச் சாத்திறதில் அந்தக் கொம்பனி காட்டின கெட்டித்தனத்தைப் பார்த்தால் சிரிப்பும் வருகுது.

அமெரிக்கக் கதை தூரம் என்றால் எங்கட எழுத்தையே எடுப்பம். கொம்பியூட்டரில் தமிழ் வந்தது எந்தக் கொம்பனியின் தயவாலும் இல்லை. பாமினி, முரசு, தகுதரம் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடிபட்டுக்கொண்டு இருந்த காலத்தில், இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சுக் கருவிகளைத் தமிழரே செய்து சும்மா பகிர்ந்தார்கள். சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றி இல்லாட்டி எங்கட பழைய பாமினிக் கோப்புகளில் பாதி குப்பைக்குள்ள போயிருக்கும். இந்த வேலைக்கு அவை ஒருத்தரும் மைக்ரோசொஃப்டிட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போடேல்லை. கொம்பியூட்டர் அப்பிடித் திறந்து கிடந்தது. ஆர் செய்த மென்பொருளையும் ஆரும் போடலாம்.

ஐபோனுக்கு வாங்கோ. 2007இல் வந்தது. முழுப் போனிலும் பாவிக்கக்கூடிய தமிழ் விசைப்பலகை வந்தது 2013இல், ஐஓஎஸ் ஏழோடு. வெளியாட்கள் செய்த விசைப்பலகையைப் போட அப்பிள் இடம் விட்டது 2014இல், ஐஓஎஸ் எட்டோடு. இடைப்பட்ட வருடங்களில் தமிழில் விசைப்பலகை செய்ய ஆள் இல்லையோ? மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை எண்பதுகளிலேயே செய்தவர். அவரின்ர செல்லினம் ஐபோனுக்கும் வந்தது. ஆனால் அந்தச் செயலிக்குள்ள எழுதி, வெட்டி, கொண்டுபோய் மற்ற இடத்தில் ஒட்ட வேணும். ஆற்றல் இருந்தது, செய்து முடிச்ச பொருளும் கையில் இருந்தது, பாவிக்க இலட்சக்கணக்கான ஆக்களும் இருந்தார்கள். திறப்பு மட்டும் கலிபோர்னியாவில் இருந்தது. ஏகபோகம் கண்டுபிடிப்பை எப்பிடிக் கொல்லும் என்று கேட்டால் இப்பிடித்தான்: சத்தமில்லாமல், வராமல் போன பொருளாக. வராமல் போனதை ஒருத்தரும் எண்ணுறதில்லை, அதாலதான் “என்ன நட்டம் வந்தது?” என்று தைரியமாய்க் கேட்கினம்.

இந்த விஷயத்தில் அண்ட்ரொய்ட் நல்ல பிள்ளையாய் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேணும். விசைப்பலகையை ஆரும் செய்து போடலாம் என்று தொடக்கத்திலேயே விட்டது. அப்பிடித் திறந்து விட்டபடியால்தான் உலகம் முழுக்கப் பரவினது. பரவி முடிஞ்ச பிறகு போன் செய்யிற கொம்பனிகளோடு ஒப்பந்தம் வந்தது: பிளே ஸ்டோர் வேணுமோ, அப்ப தேடலையும் குரோமையும் யூடியூப்பையும் சேர்த்து ஏத்து; எங்கட அனுமதி இல்லாத அண்ட்ரொய்ட் வகையில் ஒரு போனும் விக்காதை. இதுக்குத்தான் ஐரோப்பிய ஆணைக்குழு 2018 ஜூலையில் 4.34 பில்லியன் யூரோ தண்டம் போட்டது.

அதே 2018இல் டெல்லியில் நடந்த ஒரு விஷயம் எனக்கு ஐரோப்பியத் தண்டத்தை விடப் பெரிசாய்ப் படுகுது. இந்தியப் போட்டி ஆணைக்குழுவுக்கு அண்ட்ரொய்ட் பற்றின முறைப்பாட்டைக் கொண்டுபோனது ஒரு கோடீஸ்வரக் கொம்பனி இல்லை. அந்த ஆணைக்குழுவிலேயே கீழ்மட்ட ஆய்வு உதவியாளர்களாய் இருந்த இரண்டு பேரும் ஒரு சட்ட மாணவரும். மூன்று பேரும் இருபதுகளில் இருந்தவை, எங்கட வயசு. ஐரோப்பாவில் பிழை எண்டால் இந்தியாவில் மட்டும் எப்பிடிச் சரி என்பதுதான் அவையின்ர கேள்வி. நாலு வருடம் போச்சு. 2022 ஒக்டோபர் 20ஆம் திகதி கூகுளுக்கு 1337.76 கோடி இந்திய ரூபா தண்டம். அடுத்த சனவரியில் கூகுள் இந்தியாவில் விதிகளை மாத்தினது: போன் கொம்பனிகள் கூகுளின் செயலிகளைத் தனித்தனியாகத் தெரிவு செய்து ஏத்தலாம், எந்தத் தேடலைப் பாவிக்கிறது என்பதைப் போன் வாங்கின ஆளே தெரிவு செய்யலாம். 2023 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணைக்குழு போட்ட பத்துக் கட்டளைகளில் நாலை வெட்டினது, தண்டத்தை உறுதிப்படுத்தினது.

சட்டம் மாத்திரம் எல்லாத்தையும் செய்யும் என்று நான் சொல்ல வரேல்லை. அந்த 1337 கோடி எவ்வளவு என்று கணக்குப் பாருங்கோ: கிட்டத்தட்ட 16 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலர். கூகுளின் தாய்க் கொம்பனி அல்பபெற்றுக்கு 2022இல் வந்த மொத்த வருமானம் 28,280 கோடி டொலருக்குக் கிட்ட. ஐந்து மணித்தியால வருமானம்! ஒரு பின்னேரம் கடையைப் பூட்டின மாதிரி. தண்டம் அவைக்கு வலிக்காது. கட்டளைதான் வலிக்கும். துருசுக்காரனுக்குத் தண்டம் அடிச்சுவிட்டுத் திறப்பை அவனிட்டயே விட்டால் வாய்க்காலுக்குத் தண்ணி வராது.

சென்னையில் பாரத் மேட்ரிமோனி நடத்துற மேட்ரிமோனி டொட் கொம் கொம்பனியின்ர கதையில் இது நல்லா விளங்கும். (கலியாணத் தரகுக் கொம்பனிக்காக நான் வக்காலத்து வாங்குவன் என்று கனவிலும் நினைக்கேல்லை. சாதி வாரியாய்ப் பொம்பிளை மாப்பிள்ளை தேடித் தாற வியாபாரத்தில் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை.) 2012இல் தேடல் விஷயமாக முறைப்பாடு கொடுத்தது. தீர்ப்பு வந்தது 2018 பெப்ரவரியில், 135.86 கோடி ரூபா தண்டம். ஆறு வருடம்! மென்பொருள் உலகத்தில் ஆறு வருடம் என்றால் ஒரு கொம்பனி பிறந்து, வளர்ந்து, செத்துப் போற காலம். அதுக்குப் பிறகு பிளே ஸ்டோரின் கொமிஷன் சண்டை. செயலிக்குள்ள நடக்கிற விற்பனையில் 15 முதல் 30 வீதம், அதுவும் கூகுளின்ர பணவழியால மட்டும். 2022 ஒக்டோபர் 25ஆம் திகதி அதுக்கு இன்னொரு 936.44 கோடி தண்டம். அது 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. வேற பணவழியைப் பாவிக்க விடுகிறோம் என்று கூகுள் சொன்னது. ஆனால் வேற வழியால காசு வந்தாலும் எங்களுக்கு 11 முதல் 26 வீதம் தர வேணும் என்றது. நாலு வீதம் கழிவு! பெரிய மனசுதான்.

கொம்பனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சுது, 2023 ஓகஸ்டில் தள்ளுபடி; 2024 சனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்விலும் தள்ளுபடி. பெப்ரவரியில் டெல்லி உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி கூகுள் அந்தச் செயலிகளைப் பிளே ஸ்டோரில் இருந்து தூக்கினது. பாரத் மேட்ரிமோனியோடு வேலை தேடுற நௌக்ரி, வீடு தேடுற 99 ஏக்கர்ஸ் எல்லாம் போச்சு. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பி வந்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் செயலிக்காரர் இருக்க, இந்தப் பத்துக் கொம்பனிகள் மட்டும்தான் காசு கட்டாமல் நிக்குது என்பது கூகுளின் நியாயம். இருக்கட்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கேக்கையே எதிராளியின்ர கடையை ஒரு வெள்ளிக்கிழமை மூடிப்போட்டு, திங்கள் வந்து கதை என்று சொல்லக்கூடிய ஒரு கடைச்சொந்தக்காரன் வேற எந்த வியாபாரத்தில் இருக்கிறான்? வக்கீல் படை வைச்சிருக்கிற, பங்குச் சந்தையில் இருக்கிற கொம்பனிக்கே ஒரு அமைச்சர் வந்துதான் கதவு திறந்தது. முள்ளியவளையில் தனிய இருந்து செயலி செய்யிற பெட்டைக்கு எந்த அமைச்சர் வருவார்?

கதவு கொஞ்சம் நீங்கினதால வந்த பலனையும் சொல்ல வேணும். 2024 பெப்ரவரியில் இந்தியாவில் இன்டஸ் அப்ஸ்டோர் என்ற புதுச் செயலிக்கடை வந்தது. ஆங்கிலத்தோடு பன்னிரண்டு இந்திய மொழிகளில், தமிழும் சேர்த்து. வெளிப் பணவழி பாவிச்சால் கொமிஷன் இல்லை என்ற அறிவிப்போடு. அதை நடத்துற போன்பேயின் பெரும் பங்கு அமெரிக்க வோல்மார்ட்டிட்ட. ஆக, தோழர்கள் சொல்லுற “முதலாளி–முதலாளி சண்டை” முழுப் பொய் இல்லை. ஆனால் இரண்டு மாடு முட்டிக்கொள்ளேக்க வேலி முறிஞ்சால், அந்தப் பொட்டுக்குள்ளால ஆர் போகலாம் என்பதுதான் எங்கட அரசியலாய் இருக்க வேணும். தொழிலாளியின்ர பக்கம் நிண்டு பார்த்தாலும் அப்பிடித்தான். ஒரேயொரு முதலாளி மட்டும் இருக்கிற ஊரில் கூலியும் அவன் சொன்னதுதான்.

சரி, எங்கட பக்கம் என்ன நிலைமை?

விசுவமடுவில் ஒரு பெட்டை இருக்கிறா என்று வையுங்கோ. அறிவியல்நகரில் பொறியியல் படிச்சவ. கமக்காரருக்காக ஒரு செயலி செய்யிறா: எழுத வேண்டாம், குரலில் பேசினால் போதும், நெல் விலை, மிசின் வாடகை, துருசு திறக்கிற நாள் எல்லாம் வட்டாரத்துக்குள்ள பரவும். நல்ல யோசனை. பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க 25 டொலர், கட்ட ஒரு சர்வதேசக் கார்ட் வேணும். 2023 நவம்பருக்குப் பிறகு தனியாள் திறக்கிற புதுக் கணக்கு என்றால் இருபது பேரைப் பிடிச்சு 14 நாள் தொடர்ந்து பரீட்சிச்சுக் காட்ட வேணும்; 2024 டிசம்பரில் அதைப் பன்னிரண்டு பேராகக் குறைச்சிருக்கினம். இதெல்லாம் கள்ளச் செயலிகளைத் தடுக்கத்தான் என்று கூகுள் சொல்லுது, அதிலும் உண்மை இருக்கு. வெளிநாட்டுச் சனம் காசு தர விரும்பினால்? பேபாலால காசு அனுப்பலாம், வாங்க ஏலாது என்ற நிலையில் இலங்கை எத்தனை வருடம் கிடந்தது என்பது ஃப்ரீலான்ஸ் செய்யிற எல்லாருக்கும் தெரியும்.

இதெல்லாம் தாண்டி அவ செயலியைக் கொண்டுவந்திட்டா. இப்பதான் உண்மையான மதில் வருகுது, அதைக் கட்டினது கலிபோர்னியா மட்டும் இல்லை, கொழும்பும். பக்கத்துக் கொமினிகேஷனில் போய் நிண்டு பாருங்கோ. சனம் என்ன கேட்டு வாங்குது? வட்ஸ்அப் பக்கேஜ், பேஸ்புக் பக்கேஜ், யூடியூப் பக்கேஜ். இந்தச் செயலிகளுக்கு ஒரு விலை, மிச்ச முழு இணையத்துக்கும் எனிடைம் டேட்டா என்று வேற விலை. கமக்காரர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் பக்கேஜுக்குள்ள போகும். இந்தப் பெட்டையின்ர செயலியில் அதே குரலை அனுப்பினால் எனிடைம் கரையும். இவவின்ர செயலி வட்ஸ்அப்பை விடப் பத்து மடங்கு நல்லதாய் இருந்தாலும், அவர் அதைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் காசு ஓடுது. இதுக்குப் பேர் போட்டியோ? ஒருத்தன் தார் றோட்டால ஓட, மற்றவன் வயல் சேத்துக்குள்ளால ஓடி வெல்ல வேணும் என்கிறது.

“சும்மா தாறான்” என்கிற வாதம் இதில்தான் உடையுது. சும்மா தாறது அன்பளிப்பு இல்லை, வேலி. இதை இந்தியா விளங்கிக்கொண்டது. பேஸ்புக் “ஃப்ரீ பேசிக்ஸ்” என்று சில தளங்களை மட்டும் இலவசமாகத் தர வந்த நேரம், ஏழைகளுக்கு இணையம் குடுக்கிறதை ஏன் மறிக்கிறியள் என்று பத்திரிகை முழுக்க விளம்பரம் போட்டது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம் 2016 பெப்ரவரி 8ஆம் திகதி, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேற வேற விலை போடக்கூடாது என்று தடை விதிச்சது. அதைச் செய்ய வைச்சது தெருவுக்கு இறங்கின, மின்னஞ்சல் எழுதின இளம் ஆக்கள். அதுக்குப் பிறகு இந்தியாவில் டேட்டா விலை கூடினதோ? ஜியோ வந்து விழுந்தடிச்சுக் குறைஞ்சது. இலங்கையில் அப்பிடி ஒரு தடை இல்லை. அதைக் கேட்டு ஒரு ஊர்வலமும் இல்லை.

அதுக்கிடையில் சிம் கொம்பனிகளின் எண்ணிக்கையும் குறைஞ்சுகொண்டு வருகுது. ஐந்தாவது கொம்பனியாக எயார்டெல் தெற்கில் சேவை தொடங்கினது 2009 சனவரியில். அந்த மாதம் எங்கட சனம் கிளிநொச்சியை விட்டுக் கிழக்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தது. போட்டியால விலை விழுந்த நல்ல காலத்துக்குள்ள நாங்கள் முகாமில் இருந்துதான் நுழைஞ்சம். 2018இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கினது. 2024 ஜூனில் எயார்டெலை டயலொக் விழுங்கினது. இப்ப டயலொக், மொபிடெல், ஹட்ச். ஐந்து மூன்றாச்சு. இந்த இணைப்பால் முழங்காவிலில் இருக்கிற ஒரு ஆளுக்கு விலை கூடுமோ, தெரிவு குறையுமோ என்று கேட்டு ஒரு பகிரங்க விசாரணை எங்கட மாவட்டங்களில் நடந்ததோ?

நடக்காததுக்குக் காரணம் இருக்கு. 1987இல் இலங்கைக்கு நியாயமான வர்த்தக ஆணைக்குழு என்று ஒன்று இருந்தது. ஏகபோகத்தையும் கொம்பனி இணைப்புகளையும் விசாரிக்க அதுக்கு அதிகாரம் இருந்தது. பெரிசாய் ஒண்டும் வெட்டி விழுத்தேல்லைத்தான், ஆனால் சட்டத்தில் பல் இருந்தது. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் அதைக் கலைச்சு, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையைக் கொண்டுவந்தது. போட்டிக்கு எதிரான நடத்தையை விசாரிக்கலாம் என்று இரண்டொரு பிரிவு மிஞ்சினது. இணைப்புகளைத் தடுக்கிற அதிகாரம் போச்சு. இண்டைக்கு அந்த அதிகாரசபை என்றால் எங்களுக்கு ஞாபகம் வாறது என்ன? கட்டுப்பாட்டு விலைக்கு மேல அரிசி வித்த கடைக்குத் தண்டம், திகதி முடிஞ்ச பிஸ்கட் பக்கெற். அந்த வேலையும் வேணும். ஆனால் பரந்தன் சந்திக் கடைக்காரனின்ர தராசை நிறுத்துப் பாக்கிற அரசுக்கு, நாடு முழுக்க இருக்கிற போன்களின்ர வாசலில் நிக்கிறவனின்ர தராசு கண்ணில் படேல்லை.

ஏலாது என்றும் இல்லை. சட்டம் போட வேணும் என்று மனசு வைச்சால் கொழும்பு எவ்வளவு வேகமாய்ப் போடும் என்பதை 2024 சனவரியில் கண்டம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ன வேகத்தில் நிறைவேறினது! நாங்கள் இணையத்தில் என்ன கதைக்கிறம் என்பதைப் பிடிக்க ஆணைக்குழு வேணும், இணையத்தின்ர கதவை ஆர் பூட்டி வைச்சிருக்கினம் என்று பாக்க ஒண்டும் வேண்டாம்.

இந்த இடத்தில் எங்கட ஆக்கள் ஒரு நியாயமான சந்தேகம் கேட்பினம். இந்த அரசின்ர கையில இன்னொரு அதிகாரத்தைக் குடுக்கச் சொல்லுறியளோ? எனக்கும் அந்தப் பயம் இருக்கு. ஓமந்தையில் வரிசையில் நிண்டு வளர்ந்த தலைமுறைக்கு, வாசல் காக்கிற அதிகாரி என்றாலே வயித்தைக் கலக்கும். அதாலதான் என்ன மாதிரிச் சட்டம் என்பதை நாங்களே எழுதிக் கேட்க வேணும். அமைச்சரின்ர கைக்குள்ள இல்லாத ஆணைக்குழு. முறைப்பாட்டைத் தமிழில் குடுக்கலாம், விசாரணையைத் தமிழில் கேட்கலாம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு அமர்வு. முடிவுகள் காரணத்தோடு பகிரங்கமாக. பிழை எண்டால் நீதிமன்றத்துக்குப் போக வழி. ஓமந்தையில் எங்களுக்கு இருந்த குறை, அங்க நிண்டவனைக் கேள்வி கேட்க ஒரு இடமும் இல்லை என்பதுதான். இண்டைக்குப் பிளே ஸ்டோரால் தூக்கப்பட்ட பெட்டைக்கும் அதே குறைதான்: ஒரு இயந்திரம் எழுதின மின்னஞ்சல், பதில் எழுத முகமில்லை.

“சின்ன நாடு, கனக்கக் கதைச்சால் கூகுள் விட்டுட்டுப் போயிடும்” என்றும் பயப்படுத்துவினம். ஐரோப்பாவை விட்டுப் போகேல்லை, இந்தியாவை விட்டுப் போகேல்லை. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்தை மீறின ஏகபோகம் என்று தீர்ப்பெழுதினார். தன்ர தேடலை மற்றவையின்ர போனிலும் உலாவியிலும் முதல் தெரிவாய் வைக்கிறதுக்கு 2021இல் மட்டும் 2,600 கோடி டொலருக்கு மேல் கட்டினது அந்த வழக்கில்தான் வெளியில் வந்தது. தன்ர பொருள் அவ்வளவு நல்லது என்றால் அதுக்கு ஏன் அவ்வளவு காசு? 2025 செப்டெம்பரில் அதே நீதிபதி குரோமை விக்கச் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்கு அது ஏமாற்றம்தான். ஆனாலும் தனியொப்பந்தங்களைத் தடுத்தார், தேடல் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளருக்குக் குடுக்கச் சொன்னார். உலகம் அழியேல்லை, கூகுளும் மூடேல்லை.

எங்களுக்கு முதல் அடி கூகுளோடு மோதுறதும் இல்லை. டேட்டா பக்கேஜ் விஷயத்துக்குப் புதுச் சட்டம் கூடத் தேவையில்லை என்பது என்ர எண்ணம். அனுமதிப்பத்திரம் குடுக்கிற தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பில் இருக்கு, கேட்க வேண்டிய கொம்பனிகள் மூண்டே மூண்டு. அதுவரைக்கும் செய்யிறதைச் செய்வம்: செயலியைப் பிளே ஸ்டோரோடு நிப்பாட்டாமல் சொந்தத் தளத்திலும் எஃப்-டிரொய்டிலும் போடுறது, நிரலைத் திறந்து வைக்கிறது, இறுதியாண்டுத் திட்டத்துக்கு நூறாவது உணவு விநியோகச் செயலியைச் செய்யாமல் விடுறது. ஆனால் கெட்டித்தனத்தால் மட்டும் மதில் விழாது. இந்தியாவில் விழுத்தினது கடதாசி.

டெல்லியில் அந்தக் கடதாசியை எழுதினது மூன்று பேர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவை இருக்கினம். அறிவியல்நகரில் டேட்டாப் பொதிகளைத் திறந்து அளந்து காட்டத் தெரிஞ்சவை இருக்கினம். இடையில் ஏ-ஒன்பதால ஒண்டரை மணித்தியால பஸ். சேர்ந்து குந்தினால் ஒரு மாதத்தில் தமிழில் முறைப்பாடு தயார். கடித உறையில் எழுத இப்போதைக்கு இருக்கிற விலாசங்கள் இரண்டு. ஒண்டு சிம் கொம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் குடுத்த அலுவலகம், மற்றது அரிசி விலை பாக்கிற அலுவலகம். இரண்டுக்கும் அனுப்புவம், பதிவுத் தபாலில்.